நீம் நகரத் தோட்டம்: முழங்கால் வலியோடு கோபுரம் வரை போகலாமா?

படிக்குப்பயந்தவள்: அடுத்த மாதம் அம்மாவோடு தென் பிரான்ஸ் போகிறேன். நீம் ஊருக்கு அரை நாள்தான் ஒதுக்க முடிந்தது. ஃபொந்தேன் தோட்டத்தில் ரோமானியர் காலத்து இடிபாடுகளும், குன்றின் உச்சியில் ஒரு கோபுரமும் இருக்கிறதாமே? அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. மேலே ஏறாவிட்டால் பார்க்க ஒன்றுமில்லையா?

பழையமாணவன்: கீழேயே நிறைய இருக்கிறதுங்க. நான் இரண்டு வருடம் அந்த ஊரில் படித்தேன், பாதிப் படிப்பு அந்தத் தோட்டத்து பெஞ்சில்தான். உள்ளே நுழைந்ததும் தெரிகிற கால்வாய்களும் சிலைகளும் ரோமானியர் வேலை என்று முதல் நாள் நானும் ஏமாந்தேன். அதெல்லாம் 18ஆம் நூற்றாண்டு. மரெஷால் என்ற ராணுவப் பொறியாளர் போட்ட திட்டம். பழசு என்றால் தோட்டத்துக்குள் இருக்கிற ஊற்றுதான். அங்கே குடியிருந்த நெமாசுஸ் என்ற தெய்வத்தின் பெயரைத்தான் ஊருக்கும் வைத்தார்கள்.

இடப்பக்கம் 'டயானா கோவில்' வரும். பெயர்தான் கோவில்; உண்மையில் என்ன கட்டடம் என்று இன்றுவரை முடிவாகவில்லை, நூலகம் என்பது ஒரு ஊகம். நான் அங்கே போனால் சுவரைத்தான் பார்ப்பேன். ஊர் ஊராகப் போய்த் தொழில் கற்ற கைவினைஞர்கள் தங்கள் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கிறுக்கல்தான், ஆனால் எழுத்து அவ்வளவு அழகு!

மேலே இருப்பது தூர் மாஞ். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்து நகர மதிலின் கோபுரம், சுமார் 32 மீட்டர் மிஞ்சியிருக்கிறது. உள்ளே 140 படி. தோட்டத்துக்குக் காசு கிடையாது, கோபுரத்துக்கு மட்டும் டிக்கெட். அம்மாவை அந்தப் படியில் ஏற்றாதீர்கள்.

மண்வெட்டி: மேல்பக்கத் தெரு வழியாக டாக்சியிலேயே கோபுரத்தடிக்குப் போய்விடலாம். அப்புறம், உள்ளே ஏன் குகை மாதிரி வெறுமையாக இருக்கிறது தெரியுமா? நோஸ்ட்ரடாமஸ் என்ற ஜோதிடரின் வாக்கை நம்பி, த்ரோகா என்ற தோட்டக்காரர் 1601இல் புதையல் தேடித் தோண்டிய கைங்கரியம். ரோமானியருக்கும் முன்பிருந்த பழைய கோபுரம் ஒன்று உள்ளே இருந்தது, அதுதான் போயிற்று. தங்கம் ஒரு பொட்டுகூட வரவில்லை.

படிக்குப்பயந்தவள்: போய் வந்துவிட்டோம், நன்றி! டாக்சி வேண்டாம் என்று அம்மா ஒரே பிடிவாதம். நிழல் பார்த்து நின்று நின்று பாதிக் குன்று ஏறி, அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் உச்சிக்குப் போனேன். படி குறுகல், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். மேலே ஓட்டுக் கூரைகளுக்கு நடுவில் அரீனா என்கிற ரோமானிய அரங்கம் வட்டமாகத் தெரிந்தது. வான் நன்றாக இருந்தால் வாந்து மலையும் தெரியுமாம். அன்று ஒரே மூட்டம். இறங்கி வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "புதையல் ஏதாவது கிடைச்சுதாடி?"