மாமா மாமி வாறாங்க, ஹம்மர்ஃபெஸ்ட்ல என்னத்தக் காட்டுற?

களுவாஞ்சிக்குடி மருமகள்:
ஆராவது சுறுக்கா சொல்லுங்க. நாங்க நோர்வேக்கு வந்து நாலு மாசம், வடக்குக் கோடியில ஹம்மர்ஃபெஸ்ட்ல இருக்கம். அவர்ர அம்மா அப்பா ஊரிலருந்து முதல் தரமா வாறாங்க, அஞ்சு நாள் நிப்பாங்க. அவருக்கு லீவு இல்ல, நான்தான் கூட்டித் திரியணும். “அங்க என்ன புள்ள விசேஷம்” எண்டு மாமி கேட்டா, “வாங்க காட்டுறன்” எண்டு சொல்லிப்போட்டன். என்னத்தக் காட்டுற எண்டு எனக்கே தெரியா.

கல்லடி அண்ணன்:
தங்கச்சி, எந்த மாசம்? அதச் சொல்லாம ஒண்டும் சொல்லேலா. மே நடுவுல இருந்து ஜூலை கடைசி மட்டும் இஞ்ச பொழுதே படாது. நவம்பர் 22 அளவுல மறையிற சூரியன் ஜனவரி 21 அளவுலதான் திரும்பத் தலை காட்டும்.

வாழைச்சேனை அக்கா:
பாக்கிற இடம் கிடக்கட்டும் புள்ள. பயணக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையாம இருக்கா? குடிக்கிற மாத்திரையெல்லாம் டொக்டர்ர துண்டோட, கைப்பையில வரணும். நீங்களும் விட்டமின் டி எடுக்கிறீங்களா? முதல் இருட்டுக் காலம் ஆளப் போட்டு உலுப்பும். சனம் காலமையில ஒரு கரண்டி மீனெண்ணெய் குடிக்கிறது சும்மா இல்ல. சூரியன் வராத காலத்துல பகல் 11 மணிக்குத் தெரியிற நீல வெளிச்சத்துலயாவது அரை மணித்தியாலம் வெளிய நடக்கணும்.

திருக்கோவிலான்:
நூர்காப் போங்க, வேற கதையே இல்ல. 307 மீற்றர் மலைவிளிம்பு, கீழ கடல், ஹம்மர்ஃபெஸ்ட்ல இருந்து 210 கிலோமீற்றர் அளவுதான். வடக்கு வெளிச்சம், அந்த இரவு வானத்துல ஆடுற ஒளி, பாக்கிறதெண்டா அதுர பலம் சொல்லுற கேபி எண் 5 காட்டுற நாளாப் பாருங்க.

கல்லடி அண்ணன்:
தம்பி, கேபி 5 தெற்க ஒஸ்லோ பக்கம் இருக்கிற ஆக்களுக்கு. நாங்க அந்த ஒளி வாற வளையத்துக்குக் கீழேயே இருக்கம், கேபி 1, 2 காணும். கெடுக்கிறது முகில்தான். கேபிய விட்டுப்போட்டு முகில் வரைபடத்தப் பாருங்க. ஊருல பாடுமீன் கேக்க முழு நிலாவுல தோணி இறக்குவம், இஞ்ச நிலா கூடினா வானம் வெளிறி ஒளி மங்கிப் போகும். நூர்காப்பும் பனிக்காலத்துல நினைச்ச நேரம் போகேலா. கடைசி 13 கிலோமீற்றரும் பனி தள்ளுற வண்டிக்குப் பின்னால வரிசையாத்தான் விடுவாங்க. புயல் எண்டா அதுவும் இல்ல.

திருக்கோவிலான்:
அப்ப வீட்டுக்குள்ள இருந்து யன்னலப் பாக்கச் சொல்லுங்க. டாக்சிக்குக் குடுக்கிற காசுல ஊருல ஆட்டோ பிடிச்சு மட்டக்களப்புக்கும் பொத்துவிலுக்கும் போய் வரலாம்.

வாழைச்சேனை அக்கா:
தேங்காய் விலையச் சொல்லவா? கருவேப்பில வேணுமெண்டா ஒஸ்லோவுல இருந்து ஆரும் வரணும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் குறைவு, சனமும் இல்ல.

களுவாஞ்சிக்குடி மருமகள்:
மன்னிச்சுக்கங்க, பதட்டத்துல விட்டுட்டன். பெப்ரவரி 3 வந்து 8 போறாங்க. எங்களிட்டக் கார் இல்ல. மாமிக்கு முழங்கால் நோ.

காரைதீவு மாஸ்டர்:
இத முதல்லயே சொல்லியிருந்தா பாதிச் சண்டை மிச்சம் புள்ள. அந்தக் கிழமை பகல் வெளிச்சம் அஞ்சு மணித்தியாலம் அளவுல இருக்கும். நடக்கிறதெல்லாம் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில வைங்க.

முதல் நாள், ஊர மீளக்கட்டின கதை சொல்லுற நூதனசாலை. 1944ல ஜெர்மன் படை பின்வாங்கக்குள்ள ஃபின்மார்க்க எரிச்சது. இந்த ஊருல தப்பினது 1937ல கட்டின ஒரு சின்னச் சேமக்காலைத் தேவாலயம் மட்டும்தான். எரிஞ்ச ஊரத் திருப்பிக் கட்டின கதை மாமாவுக்கு நாம விளங்கப்படுத்தத் தேவையில்ல. மறுகா 1961ல கட்டின கிறிஸ்தவக் கோயில். அதுர முக்கோணக் கூரை மீன் காய வைக்கிற மரப்பந்தல் மாதிரி. பெப்ரவரியில இருந்து மே மட்டும் அந்தப் பந்தல்கள்ள கொட் மீன வாலோட வால் சோடியாக் கட்டித் தொங்கப் போடுவாங்க. உப்புப் போடுறல்ல, வெயிலும் இல்ல. உறைநிலைக்குக் கிட்டின காத்துதான் காய வைக்கும், இலையானும் வராது. மாமிக்கு நல்லாப் பிடிக்கும். தோர்ஃபிஸ்க் எண்டு கேட்டு வாங்குங்க, ஆனா நம்ம கருவாடு மாதிரி உடனே சட்டியில போடாதீங்க. நாளுக்கு நாள் தண்ணி மாத்தி ஒரு கிழமை அளவு குளிர்ப்பெட்டியில ஊற வைக்கணும். அவங்க வாறதுக்கு ஒரு கிழமைக்கு முந்தியே ஊறப் போடுங்க.

துறைமுகத்துக்குக் கிட்ட வெள்ளைக்கரடிச் சங்கம், 1963ல தொடங்கினது. நேரில வாற ஆளுக்கு மட்டும்தான் அங்கத்துவம். ஊருல கரடி ஒண்டும் இல்ல, அத மாமாவுக்கு முதல்லயே சொல்லிப்போடுங்க. ஃபுக்லெனஸ்ல இருக்கிற மெரிடியன் தூண் உலக மரபுரிமை. பூமிர அளவு கண்டுபிடிக்க 1816 தொடக்கம் 1855 மட்டும் கருங்கடல் பக்கமிருந்து அளந்து வந்த கோட்டுர வடக்கு முனை அது. தரை சமம், பஸ்ல போகலாம். சாலன் மலைக்கு வளைஞ்சு ஏறுற நடைபாதையில பனியில ஏறாதீங்க. பின்பக்கம் வாகனப் பாதை இருக்கு, முகில் இல்லாத இரவு டாக்சியில போங்க. வடக்கு வெளிச்சத்துக்கு நாள் குறிக்காம, அஞ்சு இரவும் 6 மணியில இருந்து 12 மட்டும் ஆயத்தமா இருங்க. போன் உள்ச்சட்டைப் பையில இருக்கட்டும், குளிர்ல பற்றரி செத்துப்போகும். வீட்டுக்கு வந்த உடனே எடுக்காதீங்க. வெளியிலேயே சிப் பையில மூடிக் கொண்டுவந்து ஒரு மணித்தியாலம் விடுங்க, இல்லாட்டி உள்ளுக்குத் தண்ணி கோர்க்கும்.

பெப்ரவரி 6, இந்த வடக்குப் பக்கத்துப் பூர்வீகக் குடிகளான சாமி (Sámi) மக்கள்ர தேசிய நாள். நிகழ்ச்சி நிரல மாநகர சபைப் பக்கத்துல பாருங்க.

தம்பி சொன்ன நூர்காப், கார் இல்லாதவங்களுக்குக் கப்பல்தான். விடியக் காலம் வடக்கு போற கரையோரக் கப்பல்ல ஏறினா பகல் ஹொன்னிங்ஸ்வாக், நூர்காப்புக்குக் கிட்டின துறைமுக ஊர். அண்டு அங்க தங்கி, அடுத்த விடியலுக்குத் தெற்கு வாற கப்பல்ல திரும்பலாம். கெபின் தேவையில்ல. காத்துக் கூடின நாள் எண்டா விட்டுப்போடுங்க.

களுவாஞ்சிக்குடி மருமகள்:
நன்றி மாஸ்டர். உடுப்பு? மாமிர சப்பாத்து அளவு 37.

காரைதீவு மாஸ்டர்:
உள்ளுக்குக் கம்பளிப் பனியன், பருத்தி வேணாம், வேர்வையில நனைஞ்சா காயாது. இறுக்கமா ரெண்டு மேசு போட்டா இரத்தம் ஓடாம கால் இன்னும் விறைக்கும், தளர்வா ஒரு கம்பளி மேசு காணும். பனிமுள்ளு, இஞ்ச ‘பிரொடர்’ எண்டு சொல்லுவாங்க, 37 எண்டு கேக்காதீங்க. அது குளிர்ச் சப்பாத்துக்கு மேல மாட்டுறது, சப்பாத்தக் கையில கொண்டுபோய் மாட்டிப் பாத்து எடுங்க. கடை வாசல்ல கழற்றணும், டைல்ஸ்ல முள்ளு பிடிக்காது, வழுக்கிப்போடும். நுனியில இரும்புக் கூர் வைச்ச ஊண்டுகோலும் ஒண்டு எடுங்க.