எல்எல்-37: கிருமியைக் கொல்வது சொரியாசிஸை ஏன் தூண்டுகிறது?

மஞ்சணத்தி:
நுண்ணுயிரியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். எல்எல்-37 என்ற நேர்மின்னேற்றம் உள்ள பெப்டைட் (சிறு புரதத் துண்டு), எதிர்மின்னேற்றம் உள்ள பாக்டீரியா சவ்வில் ஒட்டி ஓட்டை போடும், அதுவரை புரிகிறது. ஆனால் அம்மாவுக்கு சொரியாசிஸ் இருப்பதால் அதைப் பற்றித் தேடினால், அந்தத் தோலில் எல்எல்-37 மிக அதிகம், அழற்சிக்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். எப்படி?

வேம்பு77:
கொல்வது அதன் வேலையில் ஒரு பகுதிதான். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவுக்குள் பெரிய புரதமாக அடங்கிக் கிடக்கும், வெளியே வந்ததும் வெட்டுப்பட்டு 37 அமினோ அமிலத் துண்டாகும், அப்புறம் மற்ற வெள்ளை அணுக்களின் எஃப்பிஆர்2 ஏற்பியைத் தூண்டி அவற்றைக் காயத்துக்கு வரவழைக்கும். பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சைப் பிடித்து வைத்து அழற்சியை அடக்குவதும் இதே பெப்டைட்தான்.

உங்கள் கேள்விக்கு விடை நீங்கள் சொன்ன மின்னேற்றத்திலேயே இருக்கிறது. செத்த செல்களிலிருந்து சிதறும் நம் டிஎன்ஏவும் எதிர்மின்னேற்றம் உள்ளது. சாதாரணமாக பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. எல்எல்-37 அதோடு ஒட்டிக்கொண்டால் கதையே மாறுகிறது. அந்தக் கட்டு செல்லுக்குள் போய் டிஎல்ஆர்9 ஏற்பியைத் தட்ட, வைரஸ் வந்துவிட்டது என்பதுபோல செல் ஆல்ஃபா இன்டர்ஃபெரான் என்ற, அழற்சியைத் தூண்டும் சைகைப் புரதத்தைக் கொட்டும். 2007இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது, கட்டாயம் படியுங்கள்.

கடல்காற்று:
இதன் மறுபக்கம் அடோபிக் கரப்பான் (எக்ஸிமா). அந்தத் தோலில் எல்எல்-37 குறைவாக இருப்பதை 2002இலேயே காட்டிவிட்டார்கள். அதனால்தான் கரப்பான் வந்த குழந்தைகளின் முழங்கை மடிப்பில் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா சுலபமாகக் குடியேறி, நீர் வடிந்து, மஞ்சள் பொருக்கு கட்டுகிறது. சொரியாசிஸ் தோல் வெடித்திருந்தாலும் இப்படிச் சீழ் பிடிப்பது அபூர்வம். அதனால் இந்தப் பெப்டைடை நல்லது, கெட்டது என்று பிரிக்கவே கூடாது என்பது என் கருத்து. அளவும் இடமும்தான் முக்கியம்.

மஞ்சணத்தி:
ரொம்ப நன்றி. ஒரு கவலை. வைட்டமின் டி, எல்எல்-37ஐ உருவாக்கும் மரபணுவைத் தூண்டும் என்று படித்தேன். அம்மா பூசும் களிம்பு கால்சிபோட்ரியால், அதுவும் வைட்டமின் டி வகைதானே? நிறுத்தச் சொல்லட்டுமா?

வேம்பு77:
வேண்டாம், நிறுத்தாதீர்கள். தூண்டுவது உண்மைதான். ஆனால் அந்தக் களிம்பு தோல் செல்கள் கட்டுமீறிப் பெருகுவதைக் குறைக்கிறது, டி (T) செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களின் வேகத்தையும் தணிக்கிறது, சொரியாசிஸுக்குப் பல வருடங்களாகப் பயன்பட்டு வருகிறது. ஒரே ஒரு பெப்டைடை வைத்து மருந்தைக் கணக்குப் போட முடியாது. சந்தேகம் தீரவில்லை என்றால் அடுத்த முறை அம்மாவின் தோல் டாக்டரிடம் இதையே நேராகக் கேளுங்கள்.