நாரையின் கண்ணை மறைத்த புல்: அழிக்கலாமா, விடலாமா?

ஏரிக்கரை:
போன சனிக்கிழமை காலை செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் உட்பகுதியில், எடுத்த படம். தண்ணீர் வற்றி முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருக்கிறது, ஒரு பக்கம் மாடுகள் மேய்கின்றன, நடுவில் ஒரு சாம்பல் நாரை எலி பிடிக்க நின்றுகொண்டிருந்தது. நாற்பது நிமிடம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். எலியைக் கொத்தித் தூக்கிய அந்த நொடியில் ஒரே ஒரு புல் சரியாகக் கண்ணுக்குக் குறுக்கே வந்துவிட்டது. அதை மட்டும் மென்பொருளில் அழித்திருக்கிறேன். ஒளிக்க விரும்பவில்லை, அதனால்தான் இங்கேயே சொல்கிறேன். 600 எம்எம் லென்ஸ், எஃப் 6.3, 1/2500 நொடி.

வக்கா:
தம்பி, வெளிச்சமும் தாழ்வான கோணமும் பிரமாதம். ஆனால் புல்லை அழித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. நாரை தண்ணீரில் நின்று மீன் பிடிப்பதை வேடந்தாங்கலில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், புல்லில் நின்று வேட்டையாடுவது வேறு. உடம்பு கல்லாக நிற்கும், கழுத்து மட்டும் மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும், ஒரு அடி எடுத்து வைக்கவே சில சமயம் ஒரு நிமிடம் ஆகும். எலி ஒளிந்திருப்பது அந்தப் புல்லுக்குள்தான், நாரை பார்க்க வேண்டியதும் அதன் ஊடாகத்தான். அதை எடுத்துவிட்டால் வேட்டையில் பாதியை எடுத்துவிட்டீர்கள்.

ஏரிக்கரை:
அண்ணா, நான் அழித்தது ஒரு புல். படத்தில் இன்னும் ஆயிரம் புல் இருக்கிறது. இன்னொன்றையும் பாருங்கள். கண் தெளிவாக வர வேண்டும் என்றால் அங்கேயே எழுந்து நான்கு அடி நகர்ந்திருக்கலாம், நாரை பறந்திருக்கும், எலியும் போயிருக்கும். அதன் சாப்பாட்டைக் கெடுக்காமல் வீட்டுக்கு வந்து கணினியில் சரி செய்தேன். எது பறவைக்கு நல்லது?

தவிட்டுக்குருவி:
ஏரிக்கரை சொல்வதில் நியாயம் இருக்கிறது. போன வருடம் இதே மாதிரி ஒரு புல்வெளியில் இரண்டு பேர் மறைக்கிற புல்லையெல்லாம் கையால் பிடுங்கிப் போட்டு, மிதித்து, லென்ஸுக்கு வழி செய்துகொண்டிருந்ததை நேரில் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லப் போனதற்குச் சண்டைக்கு வந்தார்கள். மார்ச் மாதம் அது, ஆள்காட்டிக் குருவி முட்டை வைக்கத் தொடங்கும் சமயம். கூடு என்று எதுவும் இருக்காது, தரையில் ஒரு சின்னப் பள்ளம், மண் நிறத்தில் நான்கு முட்டை, மிதித்தபின்தான் தெரியும். அதற்குக் கணினியில் நூறு புல்லை அழித்தாலும் நான் கேட்க மாட்டேன்.

உள்ளான்:
இரண்டும் வேறு வேறு விஷயம். புல்லைப் பிடுங்குவது அயோக்கியத்தனம், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது, கடைசிச் சுற்றுக்குப் போனால் ரா கோப்பை, அதாவது கேமரா பதிந்த திருத்தாத மூலக் கோப்பை, கேட்கிறார்கள். 2017இல் அங்கே பரிசு பெற்ற எறும்புத்தின்னிப் படத்தை, அது செத்தபின் பாடம் செய்து வைத்த விலங்கு என்று நிபுணர்கள் சொன்னதால் 2018இல் தகுதி நீக்கம் செய்தார்கள். காட்டில் நடந்தது என்று நம்பித்தானே எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

ஏரிக்கரை:
நான் போட்டிக்கு அனுப்பவில்லையே! சொல்லிவிட்டுத்தானே போட்டிருக்கிறேன். ஒரு புல்லையும் பாடம் செய்த விலங்கையும் ஒரே தட்டில் வைப்பது கொஞ்சம் அதிகம்.

வக்கா:
சரி, போட்டியை விடுங்கள். படத்தைப் பெரிதாக்கி நாரையின் தலையைப் பாருங்கள். வளர்ந்த சாம்பல் நாரைக்கு உச்சந்தலை வெள்ளை, கறுப்புப் பட்டை கண்ணுக்கு மேலிருந்து பின்னோக்கிப் போய்க் கொண்டையாகத் தொங்கும். உங்கள் படத்தில் அந்தப் பட்டை கண்ணுக்குக் கீழே ஆரம்பிக்கிறது. மஞ்சள் விழியும் ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது. புல்லுக்குப் பின்னால் இருந்ததை மென்பொருள் பார்க்கவில்லை, தானே ஒரு கண்ணை வரைந்து வைத்திருக்கிறது. நாற்பது நிமிடம் நீங்கள் படுத்துக் கிடந்து பார்த்த நாரையின் கண் இல்லை அது. எனக்கு வருத்தம் அதில்தான்.

அப்புறம் ஒன்று. புல்வெளியில் பறவையின் கண்ணைத் தானாகத் தேடும் ஃபோகஸை மட்டும் நம்பாதீர்கள், முன்னால் ஆடும் புல்லில் போய் உட்கார்ந்துவிடும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியை வைத்துக் கழுத்தின் அடியில் பூட்டுங்கள். நாரை கழுத்தை எஸ் மாதிரி மடக்கியதும் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் தொடர்ந்து படம் எடுங்கள். காற்றில் புல் நகர்ந்துகொண்டே இருக்கும், இருபது படத்தில் ஒன்றிலாவது கண் வெளியே வரும். எட்டரை மணிக்கு மேல் என்றால் வெயிலில் புல்லுக்கு மேல் காற்றே அலையடிக்கும், எவ்வளவு விலை லென்ஸ் இருந்தாலும் படம் மசமசவென்றுதான் வரும்.

ஏரிக்கரை:
ரா கோப்பைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பட்டை விஷயம் நீங்கள் சொன்னதுதான் சரி. நான் கவனிக்கவே இல்லை, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. முதலில் போட்ட படத்தை நீக்கிவிட்டு, புல்லோடு இருக்கும் மூலப்படத்தைப் போட்டிருக்கிறேன். கூடவே அடுத்த பதினான்கு படங்களையும் வரிசையாகப் போட்டிருக்கிறேன், முதலில் தேறாது என்று ஒதுக்கி வைத்தவை. ஒன்பதாவதில் நாரை எலியைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் குளம்புக் குழியில் தேங்கிய தண்ணீருக்குப் போகிறது, பதினொன்றில் அதை முக்குகிறது, கடைசியில் தலைப்பக்கமாக அப்படியே விழுங்குகிறது.

ஆனால் அண்ணா, பின்னணியில் கிடக்கும் பிளாஸ்டிக் பையை அழிப்பேன். பறவையின் மேல் படாத எதையும் அழிக்கலாம் என்பதுதான் இப்போதும் என் கருத்து.

வக்கா:
பதினொன்றாவது படம்! எலியின் ரோமம் நனைந்தால் தொண்டையில் எளிதாக இறங்கும் என்று படித்திருக்கிறேன், இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. இதையா ஒதுக்கி வைத்தீர்கள்?

பிளாஸ்டிக் பையை அழிக்காதீர்கள். அந்த ஏரியில் அது கிடக்கிறது, நாரையும் அதைத் தாண்டித்தான் நடக்கிறது.

ஏரிக்கரை:
அதில் ஒத்துப்போக முடியாது. ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு மதகுப் பக்கம் இருப்பேன். வந்தால் பேசலாம், அந்தப் பையையும் பொறுக்கிவிடலாம்.

தவிட்டுக்குருவி:
நானும் வருகிறேன். கரையை விட்டு உள்ளே இறங்க வேண்டாம், போன வாரம் மேற்குப் பக்கம் ஆள்காட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.