புதுப்பிப்பு: 80-ல் ஆடிய ஸ்டியரிங்

போன மாதம் கேட்டிருந்தேனே, செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் வேகம் 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் ஆடுகிறது, இரண்டு முறை வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன் செய்வது) செய்தும் நிற்கவில்லை என்று. கண்டுபிடித்தாயிற்று.

பாதிப் பேர் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்கச் சொன்னீர்கள். அது கெட்டிருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். வேகத்தோடு வரும் ஆட்டம் பெரும்பாலும் சக்கரத்தில்தான். அதனால் முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டு, திண்டிவனம் பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் அசையவில்லை, சீட் அதிர்ந்தது! கோளாறு சக்கரத்தோடு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது.

ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால், ஒரு ரிம்மின் உள்விளிம்பு நெளிந்திருந்தது. வெளியே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. வெயிட் ஒட்டி எடையைச் சரிக்கட்டலாம், கோணலை என்ன செய்வது? போதாக்குறைக்கு அந்த டயரில் 2317 என்று இருந்தது. 2017-ன் 23-வது வாரத்தில் செய்தது. இரண்டையும் மாற்றிவிட்டேன். இப்போது 100-லும் ஆட்டமில்லை.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் லேசாக ஒரு துடிப்பு. அது டிஸ்க் சமாச்சாரம். அடுத்த மாதச் சம்பளம் வரட்டும்.