ராக் சலித்தபோது காதில் விழுந்த ப்ளூஸ்: மலைக்காரர்களின் அனுபவங்கள்

குன்னூரிலிருந்து:

கோயம்புத்தூரில் படித்த காலத்தில் எங்கள் பேண்டுக்கு நான்தான் லீட் கிட்டார். கிட்டார் ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் ஹாலே அதிரும். யார் வேகமாக சோலோ வாசிப்பது என்பதில்தான் எங்களுக்குள் போட்டி. ஊருக்குத் திரும்பி வேலையில் உட்கார்ந்த பிறகு அந்த மோகம் மெல்ல வடிந்துவிட்டது. எந்த ராக் பாட்டைப் போட்டாலும் மீதி எப்படிப் போகும் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். சத்தம் இருக்கும், விஷயம் இருக்காது. கிட்டார் பீரோவுக்கு மேலே ஏறிவிட்டது.

கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பையாவது விற்றுவிடலாம் என்று வெலிங்டனில் சர்ச்சுக்கு வாசிக்கும் ஓர் அண்ணனிடம் எடுத்துப் போனேன். நல்ல மழை. அவர் ஆம்ப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உட்காருப்பா, டீ குடி" என்று சொல்லிவிட்டு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையான ப்ளூஸில் பெரிய பெயர் பி.பி. கிங், அவர் 1964-இல் சிகாகோ ரீகல் தியேட்டரில் வாசித்த பதிவைப் போட்டார். "அவர் பாடும்போது கிட்டார் என்ன பண்ணுதுன்னு மட்டும் கவனி" என்றார்.

கிட்டார் ஒன்றுமே பண்ணவில்லை. ஒரு வரி பாடுகிறார், நிறுத்துகிறார். அப்புறம் கிட்டார் பதில் சொல்கிறது, நாலைந்து சுரம்தான். அதிலும் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு இடது கையை அசைத்து அசைத்து அதை அழ விடுகிறார். அதற்குப் பிறகு மறுபடி குரல். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதே இல்லை. வருடக்கணக்காக நான் இடைவெளி விடாமல் நிரப்பிக்கொண்டே இருந்த இடம் அங்கே திறந்து கிடந்தது. அந்தப் பதிவு முடிவதற்குள் டீ ஆறிப்போய்விட்டது.

அண்ணன் கர்நாடக சங்கீதமும் கேட்பவர். "சுத்த தன்யாசி தெரியுமா? ச க ம ப நி. ப்ளூஸ்காரன் கையிலயும் அதே அஞ்சு சுரம்தான். அவன் காந்தாரத்தை என்ன பண்றான்னு பாரு" என்று கிட்டாரை எடுத்தார். ஏ சுருதியில் வாசிக்கும்போது மூன்றாவது கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டை (வீணையின் மெட்டு மாதிரி) ஆள்காட்டி விரலால் அழுத்தி, கீழ்ப்பக்கமாக லேசாக இழுத்தார். சாதாரண காந்தாரம் என்ற கீழ்க் காந்தாரத்தில் கிளம்பிய சுரம், அந்தர காந்தாரம் என்ற மேல் காந்தாரத்தை நோக்கிப் போய், போய்ச் சேராமல் நடுவிலேயே நின்றது. அந்த நடு இடத்தில்தான் ப்ளூஸே இருக்கிறது என்று இன்றைக்கும் சொல்வேன். முழுதாக இழுத்துவிட்டால் சந்தோஷமாகிவிடும். இழுக்காமல் விட்டால் வெறும் சோகம்.

கார்டு, அதாவது சேர்த்து மீட்டும் சுரக்கூட்டம், என்று பார்த்தால் மூன்றே மூன்று. ஏ நாலு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்), டி இரண்டு, மறுபடி ஏ இரண்டு, ஈ ஒன்று, டி ஒன்று, ஏ இரண்டு. மொத்தம் 12 பார், அப்புறம் முதலிலிருந்து. பாட்டும் பெரும்பாலும் அப்படித்தான்: ஒரு வரி, அதே வரி இன்னொரு தரம், மூன்றாவதாக அதற்கு ஒரு பதில். இவ்வளவு சின்ன வீட்டுக்குள் ராபர்ட் ஜான்சனிலிருந்து பட்டி கை (Buddy Guy) வரைக்கும் எத்தனை பேர் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் தீராத ஆச்சரியம். ஜான்சன் 1936-லும் 1937-லுமாக 29 பாட்டுகள்தான் பதிவு செய்தார், 27 வயதில் போய்விட்டார். கிட்டார் பிடிப்பவர்கள் இன்னமும் அவர் விரலைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆம்ப்பைத் திரும்ப வீட்டுக்கே தூக்கி வந்தேன்.

கூடலூரிலிருந்து:

குன்னூர் அண்ணா எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எனக்கு ஹெவி மெட்டல்தான் உயிர். லெட் செப்பலின் பேண்ட் 1971-இல் வெளியிட்ட, ஆற்றுக் கரை உடைவதைப் பற்றிய 'வென் த லெவீ பிரேக்ஸ்' பாட்டு எனக்கு டிரம்ஸோடு மனப்பாடம். அதை முதலில் பதிவு செய்தவர்கள் மெம்ஃபிஸ் மின்னி என்ற ப்ளூஸ் பாடகியும் அவர் கணவரும், 1929-இல் என்று தெரிந்து தேடிப்பிடித்துக் கேட்டேன். இரண்டு கிட்டார், கணவரின் குரல், அவ்வளவுதான். 1927-இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்து லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். கறுப்பினத் தொழிலாளர்களைக் கட்டாயப்படுத்தி நிறுத்தி அந்தக் கரைகளில் வேலை வாங்கினார்கள். அந்த வெள்ளத்துக்கு இரண்டே வருடம் கழித்து வந்த பாட்டு அது. அதைக் கேட்ட பிறகு மெட்டல் பக்கம் முன்போல மனசு போகவில்லை.

நாங்கள் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். அம்மாயி (அம்மாவின் அம்மா) இங்கே அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். நிரையில் நிற்கும்போது ஒருத்தி ஒரு வரியை எடுத்துக் கொடுப்பாளாம், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்களாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு லேட்டானால் விழும் ஏச்சு, கங்காணி, விட்டுவந்த ஊர், எல்லாம் அந்தப் பாட்டில் வரும். மிசிசிப்பி பருத்திக் காட்டிலும் ஒருவர் கூவ மற்றவர்கள் பதில் குரல் கொடுத்த பாட்டிலிருந்துதான் ப்ளூஸ் கிளம்பியது. அவர்கள் முன்னோர்கள் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள். அந்தக் கொடுமையையும் எங்கள் கதையையும் நான் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு 1943-இல் சிகாகோவுக்கு ரயில் ஏறினார் என்று படிக்கும்போது, லைன் வீட்டிலிருந்து திருப்பூருக்கு பஸ் ஏறிய என் மாமாக்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள்.

அம்மாயிக்கு மின்னி தானே பாடிய வேறொரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். பாஷை ஒன்றும் புரியவில்லை. "பொம்பளை நல்லா இழுத்துப் பாடுறா" என்றார். அப்புறம் தானே ஒன்று பாடினார்.

பெருமாள்மலையிலிருந்து:

எனக்கு ராக் இன்னமும் பிடிக்கும். அதைத் தள்ளிவிட்டுத்தான் ப்ளூஸுக்கு வர வேண்டும் என்றில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் பேண்டே தங்கள் பெயரை மட்டி வாட்டர்ஸின் 1950-ஆம் வருடப் பாட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்லைடு, அதாவது விரலில் ஒரு குழாயை மாட்டிக் கம்பியில் வழுக்கி, வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் ஊர்க் கடைகளில் விற்கும் சின்ன யூகலிப்டஸ் தைலப் புட்டி போதும். காலியானதும் வெந்நீரில் கழுவி, சுண்டுவிரலில் போட்டுப் பாருங்கள், இறுக்கமும் இல்லாமல் தொளதொளப்பும் இல்லாமல் உட்கார வேண்டும். பெயர்பெற்ற ஸ்லைடு கிட்டார்காரர் டுவேன் ஆல்மனே ஒரு மாத்திரைப் புட்டியை விரலில் மாட்டித்தான் வாசித்தார். கம்பிகளை டி, ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். புட்டியை ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே வைக்க வேண்டும், அழுத்தவே கூடாது, தொட்டால் போதும். பின்னால் இருக்கும் விரல்கள் கம்பியில் லேசாகப் படிந்திருந்தால் கரகரப்பு அடங்கும். முக்கியமானது, வாசித்து முடித்ததும் கம்பியைப் பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். இங்கே மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது, துருப்பிடித்த கம்பியில் ஸ்லைடு வழுக்காது.

மறுபடியும் குன்னூரிலிருந்து:

கூடலூர் தங்கச்சிக்கு: அம்மாயி பாடுவதை உடனே போனில் பதிவு செய்து வையுங்கள். மட்டி வாட்டர்ஸைத் தேடி 1941-இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவுக் கருவியோடு அவர் தோட்டத்து வீட்டுக்கே போனார். தன் குரலைத் தானே கேட்ட பிறகுதான் பாட்டுக்காரனாகப் பிழைக்கலாம் என்ற தைரியம் மட்டி வாட்டர்ஸுக்கு வந்தது. உங்கள் வீட்டில் சம்மதம் என்றால் நான் கிட்டாரோடு கூடலூர் பஸ் ஏறத் தயார். வெலிங்டன் அண்ணனும் வருகிறேன் என்கிறார். அம்மாயி எந்தச் சுருதியில் எடுக்கிறாரோ அதற்கு நாங்கள் கம்பியை இறக்கிக்கொள்கிறோம்.