கடலுக்கு 80 மீட்டரில் வீடு: கலர் ஷீட்டா, அலுமினியமா?

முட்டத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். குமரி மாவட்டம் முட்டத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ரோடும் கருங்கல் சுவரும்தான் இருக்கின்றன. அளந்தால் 80 மீட்டர் வராது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மொட்டை மாடியில் கிடந்த ஆஸ்பெஸ்டாஸ் நொறுங்கிப் போனது. மறுவருஷம் அப்பா கடன் வாங்கி நீலக் கலர் ஷீட் (பெயின்ட் அடித்த இரும்புத் தகடு) போட்டார். பதினைந்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். ஐந்தாவது வருஷமே ஓரமெல்லாம் துரு பிடித்துவிட்டது. இப்போது அம்மா நெத்திலி வாரி வைக்கிற பாயில் துருப்பொடி உதிர்கிறது.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று: ஷீட்டின் மேல்பக்கம் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. அடிப்பக்கமும் வெட்டின ஓரமும் ஸ்க்ரூவைச் சுற்றியும்தான் தின்றுவிட்டது. மழையும் வெயிலும் மேலேதானே படுகின்றன?

மொத்தம் 600 சதுர அடி. மூன்று கடையில் கேட்டேன். ஒருவர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கலர் ஷீட் போதும் என்கிறார். ஒருவர் கால்வால்யூம் (அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய இரும்பு), இன்னொருவர் அலுமினியம். அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது, பகல் முழுக்க அந்த ஷீட்டுக்கு அடியில்தான் வலை கட்டிக்கொண்டு இருக்கிறார். இந்தத் தடவை என் சம்பளத்தில் போடுகிறேன். இன்னொரு தடவை மாற்ற வழியில்லை.

மார்த்தாண்டம் வாசகர்:

எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாகச் சாதாரண கலர் ஷீட்தான். ஒரு பொட்டுத் துரு கிடையாது. தேவையில்லாமல் செலவு செய்யாதீர்கள்.

குளச்சல் ஷீட் வேலைக்காரன்:

கடலிலிருந்து தள்ளி இருக்கிற மார்த்தாண்டத்துக்கு அது சரி. கடலோரத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

தம்பி, நான் 22 வருஷமாக டிரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) அடித்து ஷீட் போடுகிறவன். தேங்காப்பட்டணத்திலிருந்து மணக்குடி வரைக்கும் ஏறாத கூரை குறைவு. நீ பார்த்தது சரியாகத்தான் இருக்கிறது. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மேலே படிகிற உப்பை மழையே கழுவிவிடும். அடிப்பக்கத்தில் மழை படாது. உப்பு அங்கேயே இருந்துகொண்டு, ராத்திரி ஈரத்தை இழுத்துக்கொண்டு, இரும்பைத் தின்னும். போதாததற்கு, ஷீட்டின் மேலே பெயின்ட் 20 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருந்தால் அடியில் பெரும்பாலும் ஐந்து ஏழு மைக்ரான்தான் அடித்திருப்பார்கள். அதனால் கடைக்காரர் மேல்பக்க நிறத்தைக் காட்டினால், நீ ஷீட்டைத் திருப்பிப் பார்.

பெயின்டுக்கு அடியில் என்ன பூச்சு என்பதுதான் அடுத்தது. ஜி.ஐ.யில் வெறும் துத்தநாகம். மலிவு ஷீட்டில் சதுர மீட்டருக்கு 120 கிராம் என்று போட்டிருக்கும். அது இரண்டு பக்கமும் சேர்த்து, ஆகப் பக்கத்துக்கு எட்டு மைக்ரான் சொச்சம்தான். கால்வால்யூம் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், 43.4 துத்தநாகம், 1.6 சிலிக்கான். அதில் ஏ.இசட். 150 என்று எழுதியிருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு, பக்கத்துக்கு 20 மைக்ரான் வரும். கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி என்றால் நான் அதைத்தான் போடச் சொல்வேன். தடிமன் கேட்கும்போது இரும்பு மட்டும் எவ்வளவு என்று கேள். 0.50 மில்லிமீட்டர் என்பது பூச்சும் பெயின்டும் சேர்ந்த கணக்கு, உள்ளே இரும்பு 0.43 அளவில்தான் நிற்கும். வாரண்டி தாளையும் கடைசி வரி வரை படி. கடலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் இருந்தால் செல்லாது என்று பல தாளில் எழுதியிருக்கும். உன் அப்பாவுக்குச் சொன்ன பதினைந்து வருஷமும் அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

80 மீட்டருக்கு நான் சொல்வது அலுமினியம்தான். 0.71 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்கு, 0.9 என்றால் இன்னும் நல்லது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்பி இரும்பு டிரஸ் மேல் அப்படியே போட்டுவிடாதே. உப்புத் தண்ணீர் நடுவில் நின்றால் இரும்பைத் தொடுகிற இடத்தில் அலுமினியம்தான் கரையும். பர்லின் (டிரஸ் மேல் ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) முழுக்க ரப்பர் பட்டை ஒட்டி அதன்மேல் ஷீட் உட்கார வேண்டும். ஸ்க்ரூ எஸ்.எஸ். 316 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்), ரப்பர் வாஷரோடு. இதே எஸ்.எஸ். ஸ்க்ரூவைக் கால்வால்யூமில் போட்டால் ஸ்க்ரூவைச் சுற்றிப் பூச்சு அரித்துப் போகும், அதையும் மனசில் வை. அலுமினியம் வெயிலில் இரும்பைப்போல இரண்டு மடங்கு நீளும். இருபது அடி ஷீட் 40 டிகிரி வித்தியாசத்துக்கு ஐந்தரை மில்லிமீட்டர் நகரும். அதனால் ஓட்டை கொஞ்சம் பெரிதாகப் போட்டு அகல வாஷர் வைக்கச் சொல்.

கலர் ஷீட் எதுவானாலும் கிரைண்டரில் வெட்ட விடாதே. எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. பறக்கிற நெருப்புப்பொறி பெயின்டில் ஒட்டி மறுநாளே பழுப்புப் புள்ளி விடும், வெட்டின ஓரத்தில் பூச்சும் கருகிவிடும். தகரக் கத்திரி, இல்லையென்றால் நிப்ளர் (தகட்டைக் கொறித்து வெட்டும் கருவி) போதும். அரை நாள் வேலை கூடும், கூடட்டும். அப்புறம் காற்று. ஒக்கியில் நான் பார்த்த கூரைகளில் நடுவில் பிய்ந்தது குறைவு. ஓரமும் முகடும்தான் முதலில் தூக்கின. அந்த இடங்களில் ஸ்க்ரூவை நெருக்கிப் போட வேண்டும்.

மணக்குடி டீச்சர்:

பழையாறு கடலில் சேர்கிற இடத்தில் எங்கள் வீடு. ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் கடல். அலுமினியம் போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது, அங்கங்கே வெள்ளைப் புள்ளி உண்டு, ஒழுகல் இல்லை. ஒரே இடத்தில்தான் ஏமாந்தோம். சுவரை ஒட்டிய இடைவெளியைக் கொத்தனார் ஈரச் சிமென்டால் அடைத்தார். மூன்று வருஷத்தில் அந்த வரிசை முழுக்கச் சல்லடை. சிமென்டின் காரம் அலுமினியத்துக்கு ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த இடத்துக்கு மடக்கிய அலுமினியத் தகடு வைக்கச் சொல்லுங்கள் தம்பி.

மாசி முதல் வைகாசி வரை மழை இல்லாத நாட்களில் மாதம் ஒரு தடவை இறவாணத்துக்கு அடியில் ஹோஸ் பிடித்துக் கழுவுகிறோம். நல்ல தண்ணீர் வேண்டும், எங்கள் போர் தண்ணீர் உவர்ப்பு. மழைச் சத்தத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். ஐப்பசியில் டியூஷன் பிள்ளைகளுக்கு நான் பேசுவது கேட்காது.

முட்டத்துக்காரன்:

அண்ணாச்சி, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. நேற்று வாசித்துவிட்டு இன்று ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது கடையில் "அலுமினியம் ஷீட்" என்று விலை சொன்னது காந்தத்தில் ஒட்டியது. கேட்டால், அலுமினியம் பூசிய ஷீட்டைத்தான் அப்படிச் சொல்வோம் என்கிறார். அசல் அலுமினியம் நாகர்கோவிலில் கிடைத்தது, 0.71. கழுவுகிற வேலையை அப்பா தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். பழைய டிரஸ்ஸை ரெட் ஆக்சைடு (இரும்புக்கு அடிக்கிற சிவப்பு அடிப்பூச்சு) அடித்து வைத்துக்கொள்ளலாமா?

குளச்சல் ஷீட் வேலைக்காரன்:

ரெட் ஆக்சைடு மட்டும் அங்கே நிற்காது. வெல்டிங் வைத்த இடத்தையும் பைப்பின் அடிப்பக்கத்தையும் சுத்தியால் தட்டிப் பார். பொத்தென்று உள்ளே போனால் மாற்றித்தான் ஆக வேண்டும், உருக்கிய துத்தநாகத்தில் முக்கிப் பூசிய ஜி.ஐ. பைப்பாக வாங்கு. கெட்டியாக இருந்தால் வெள்ளைத் தகடு தெரிகிற வரை சுரண்டி, துத்தநாகப் பெயின்ட், அதன்மேல் எபாக்ஸி. வியாழக்கிழமை கடியபட்டணத்தில் வேலை இருக்கிறது. சாயங்காலம் வந்து பார்க்கிறேன், ஏணி மட்டும் எடுத்து வை.