புதுப்பிப்பு: பிரைட்டன் செயின் பியர் இருந்த இடத்தில் ஜியோகேஷ்

ஜியோகேஷ் என்பது ஜிபிஎஸ் உதவியோடு பிறர் தேடிக் கண்டுபிடிக்க மறைத்து வைக்கும் டப்பா. இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் செயின் பியர் என்ற சங்கிலித் தொங்கு கடற்பாலம் நின்ற இடத்திலேயே அதை வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்று முடிவு. 1823இல் திறந்த அந்தக் கடற்பாலத்தை 1896 டிசம்பர் புயல் அடித்துப் போனது; அங்குள்ள கூழாங்கல் மேடு இன்றும் புயலுக்குப் புயல் இடம் மாறுகிறது. தோண்டிப் புதைக்க ஜியோகேஷ் விதியும் இடம் தராது.

ஆகவே இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் டப்பா கிடையாது, எனவே டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதியும் இல்லை. செயின் பியரின் பழைய சுங்கச் சாவடிகள் இப்போது பிரைட்டனின் இன்னொரு கடற்பாலமான பேலஸ் பியரில் இருக்கின்றன. அங்கே நேரில் எண்ணினால்தான் தெரியும் ஒன்றைக் கேள்வியாக்குங்கள்; அதன் விடை டப்பா இருக்கும் இடத்தைக் காட்டட்டும். ஆண்டைக் கேட்டால் வீட்டிலிருந்தே தேடிவிடுவார்கள்!

இரண்டாம் கட்டத்தில்தான் டப்பா, அலை எட்டாத உயரத்தில், நில உரிமையாளரின் அனுமதியோடு. டப்பாவை ஒட்டி வைக்கக் காந்தத்தை நம்பாதீர்கள்: நிக்கல் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்புக்காற்றில் உப்பிப் பொடியாகும். மூடியில் ரப்பர் வளையம், உள்ளே, கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுத நீர்புகாத் தாள், பென்சில். வளையத்தில் மணல் ஒட்டினால் ஈரம் கசியும். துடைத்து மூடச் சொல்லிக் குறிப்பு எழுதுங்கள்.

பாலத்தின் மிச்சங்களைப் பார்க்க அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மிகவும் உள்வாங்கும் நேரமே தோது. நீர் திரும்பும் முன் கரையேறிவிட வேண்டும்.